ஏழாம் வீட்டு ஜன்னல்

உதவியாளன் ஸ்பீக்கர் மாலைப் பத்திரிகையை மேஜை மேல் விரித்தான். விளையாட்டுப் பக்கத்தின் அடியில் இருந்த ஜாதகக் கட்டத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினான்.

"இந்த ஜோசியர் மட்டும் கையில கிடைக்கட்டும் மேடம். விசாரணை எல்லாம் அப்புறம். எனக்கு எப்ப கல்யாணம் ஆகும்னு முதல்ல கேக்கணும்."

"உனக்குத்தான் ஆயிடுச்சே."

"அதான். நல்லபடியா எப்ப ஆகும்னு கேக்கணும்."

மேடம் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு அதுதான் சிரிப்பு. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்க் கணக்குகளைத் துருவிக்கொண்டிருந்தவர், அங்கே மேலதிகாரிகளுக்கே ஆகாமல் போனபோது வெளியே வந்து சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்தவர். கீழே அலுவலகம், மாடியில் வீடு. வீட்டில் நாள் முழுக்க ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். கதவைத் திறக்கும்போது உள்ளே ஒரு குரல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

ஸ்பீக்கர் அவரிடம் வேலைக்குச் சேரும் முன்பு வேனில் மைக் பிடித்துத் தள்ளுபடி விற்பனை அறிவித்துக்கொண்டிருந்தவன். வேன் போய்விட்டது, தொண்டையும் பட்டப்பெயரும் மட்டும் அப்படியே இருந்தன.

வழக்கு இதுதான். ஊரின் கால்பந்து கிளப் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு, மாலைப் பத்திரிகையில் 'மைதான ஜோசியம்' என்று ஒரு பெட்டிச் செய்தி வரும். அதில் கிளப்பின் கோல்கீப்பருடைய ஜாதகக் கட்டம். கீழே நாலே வரி. 'சனி பார்வை இடது தோளில். இரண்டாம் பாதியில் உயரப் பந்துகளில் கவனம் தேவை. தோல்வி.' ஆட்டம் அப்படியே முடியும். இடது பக்கம் உயர வந்த பந்து, இரண்டாம் பாதி, தோல்வி. இந்த சீசன் முழுக்க இதே கதை. பந்தயம் கட்டுகிறவர்கள் அந்தப் பெட்டியை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

கிளப் மேலிடம் கூடிப் பேசியது. கிரகம் சொல்லி ஒருத்தன் கோல் விடுவானா? ஆளே சொல்லிவைத்து விடுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கோல்கீப்பரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்பதோடு வாயை மூடிக்கொண்டான். இன்று மாலை விசாரணைக் கமிட்டி. அதற்குள் ஜோசியரைப் பிடித்துக் கொடுக்காவிட்டால் அவன் வாழ்நாள் தடையோடு வெளியே போக வேண்டியதுதான்.

"பத்திரிகை ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?" மேடம் கேட்டார்.

"யாருன்னே தெரியாதாம். வாசல்ல இருக்கற பெட்டியில கவர் விழுமாம். சன்மானம் அனுப்பறோம், முகவரி குடுங்கன்னு பேப்பர்லயே போட்டுப் பார்த்திருக்காங்க. பதிலே இல்லையாம். காசு வாங்காத ஜோசியர்! இவரைப் பிடிக்கக் கூடாது மேடம், மியூசியத்துல வைக்கணும்."

மேடம் பத்திரிகைக் கட்டத்தையும், கிளப் கொடுத்த கோல்கீப்பரின் விவரத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நேத்து வாங்கிட்டு வந்த பழைய பஞ்சாங்கத்தை எடு. கிளப் தாள்ல இருக்கற பிறந்த தேதிக்கு குரு எங்க இருக்கார்?"

ஸ்பீக்கர் எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினான். "மிதுனத்துல."

"பேப்பர் கட்டத்துல?"

"மேஷத்துல." அவன் முகம் மலர்ந்தது. "மேடம்! ஜோசியருக்கு ஜோசியமே தெரியல!"

"சூரியன்?"

"அது ரெண்டுலயும் ஒரே வீடு."

"அப்ப மாசம் ஒண்ணுதான். வருஷம்தான் உதைக்குது. குரு ஒரு வீட்டுல சுமாரா ஒரு வருஷம் இருப்பார். மேஷத்துலேர்ந்து மிதுனத்துக்கு வர எத்தனை வருஷம்?"

"ரெண்டு." ஸ்பீக்கர் குரலைத் தாழ்த்தினான். அவனுடைய தாழ்ந்த குரல் தெருமுனை வரை கேட்டது. "ஜோசியர் போட்டது சரி. கிளப் தாள்தான் தப்பு. ஆட்டக்காரங்க வயசைக் குறைப்பாங்களே தவிர கூட்ட மாட்டாங்க. நம்ம ஆள் ரெண்டு குறைச்சிருக்கார்."

"சின்ன வயசுல, ஜூனியர் டீம்ல சேர்க்க யாராவது குறைச்சிருப்பாங்க. அது இருக்கட்டும். ஊருக்கெல்லாம் தெரிஞ்சது பொய்த் தேதி. இந்த ஜோசியருக்கு மட்டும் நிஜத் தேதி தெரியுது. நிஜ ஜாதகம் வீட்டை விட்டு எப்ப வெளிய போகும்?"

"திருடு போனா."

"இல்லன்னா?"

ஸ்பீக்கர் யோசித்தான். யோசிக்கும்போது மட்டும் அவன் வாய் ஓயும். "வரன் பார்க்கும்போது. எங்கம்மா என் ஜாதகத்தை நோட்டீஸ் மாதிரி அடிச்சு விட்டாங்க."

"கோல்கீப்பருக்குக் கல்யாணம் ஆகலை. அம்மா இறந்து போயாச்சு. எங்கயோ ஒரு வீட்டுக்குப் போன ஜாதகம் திரும்பி வரலை." மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டார். "கிளம்பு."

"எந்த வீட்டுக்கு?"

"அது தெரிஞ்சா உன்னை எதுக்குக் கூட்டிட்டுப் போறேன்? மைதானத்துக்கு."

---

பயிற்சி மைதானத்தில் யாரும் இல்லை. விசாரணை நாள் என்பதால் வீரர்களுக்கு விடுமுறை. மைதானக்காரர் மட்டும் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு போய்ப் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

மேடத்தின் கையில் பெட்டிச் செய்திகளின் கத்தை இருந்தது. எல்லாம் பலித்தவை. இரண்டைத் தவிர. அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் ஜோசியர் சறுக்கியிருந்தார். வெற்றி என்றதில் தோல்வி, தோல்வி என்றதில் வெற்றி. பலித்தவற்றைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பலிக்காதவற்றைப் பற்றி யோசித்தவர் மேடம் ஒருத்தர்தான்.

"ஐயா, மழைக்காலம் முடிஞ்ச சமயம், இங்க ஏதாவது நடந்துச்சா?"

"நடக்கறதுக்கு என்னம்மா இருக்கு? புல்லு மாத்தினோம். ரெண்டு வாரம் பூட்டிப் போட்டிருந்தோம். பசங்களை பஸ்ல ஏத்தி ஊருக்கு வெளிய வேற மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

மேடம் இரண்டு துண்டுகளிலும் இருந்த தேதிகளைக் காட்டினார். மைதானக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் தலையாட்டினார். "அதேதான்."

ஸ்பீக்கர் வாயைப் பிளந்தான். "புல்லு மாத்தினா கிரகம் மாறுமா?"

"பயிற்சி இங்க நடந்தா ஜோசியம் பலிக்குது. வேற இடத்துல நடந்தா பலிக்கலை. ஏன்?"

"ஏன்னா... ஜோசியர் இங்க நடக்கற பயிற்சியைப் பார்க்கறார்!"

"எங்கேர்ந்து?"

சுற்றிலும் உயரமான மதில். ஒரு பக்கம் கூரை போட்ட கேலரி. அதற்குப் பின்னால் தலைகாட்டும் கட்டடங்கள், நூற்றுக்கணக்கான ஜன்னல்கள். ஸ்பீக்கர் மலைத்து நின்றான். "எல்லாக் கதவையும் தட்டி முடிக்கறதுக்குள்ள கோல்கீப்பர் ரிட்டயர் ஆயிடுவார் மேடம்."

"எதுக்குத் தட்டணும்? போய் கோல் கம்பத்துக்கு நடுவுல நில்லு."

அவன் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றான். "பந்து போடாதீங்க மேடம், பழக்கமில்ல."

"அவர் தினமும் நிக்கற இடம் அது. அங்கேர்ந்து தலையைத் தூக்கிப் பாரு. எந்த ஜன்னல் உன் கண்ணுக்குத் தெரியுதோ, அந்த ஜன்னலுக்குத்தான் நீ தெரிவே."

ஸ்பீக்கர் தலையைத் தூக்கினான். வலப்பக்கம் கேலரிக் கூரை மறைத்தது. நேரே தண்ணீர்த் தொட்டி. இடப்பக்கம் மரங்கள். மரத்துக்கும் தொட்டிக்கும் நடுவில் இருந்த இடுக்கில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், திறந்து கிடந்த ஒரே ஒரு ஜன்னல்.

"மேடம்," என்றான். இந்த முறை அவன் குரல் நிஜமாகவே தாழ்ந்திருந்தது. "யாரோ அங்க நிக்கறாங்க."

மேடம் திரும்புவதற்குள் ஜன்னலில் யாரும் இல்லை.

---

கீழ்த்தளத்தில் பல் டாக்டர். மூன்றாம் மாடிக் கதவில் பலகை எதுவும் இல்லை. உள்ளே ஏதோ மிஷின் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. தட்டியதும் நின்றது.

கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைக் கோட்டு. முழங்கை வரை மாவு பூசினாற்போல் சுண்ணாம்புத் தூள். நெற்றிக்கு மேல் தூக்கிவிட்ட பூதக்கண்ணாடி.

அறை முழுக்க வாய்கள். அலமாரித் தட்டுகளில் வரிசை வரிசையாய் வெள்ளை வாய்கள், பல் போன ஈறுகள், பாதிப் பற்கள், முழுப் பற்கள். மேஜையில் ஒரு ஸ்பிரிட் விளக்கு, ரோஸ் நிற மெழுகு, ஊசி போன்ற கத்தி. பாதி முடிந்த ஒரு பல் செட் சிரித்துக்கொண்டிருந்தது.

"என்ன வேணும்?"

"பல் செட்," என்றான் ஸ்பீக்கர்.

அவள் அவன் வாயைப் பார்த்தாள். "உங்க பல்லு எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"வீட்டுல அடிக்கடி வாக்குவாதம். ஒண்ணு ஸ்பேர்ல இருக்கட்டும்னு..."

அவள் லேசாகச் சிரித்தாள். சிரித்துப் பழக்கம் விட்டுப்போனவர்களின் சிரிப்பு, தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. "நான் அளவு எடுக்கறதில்ல. கீழ டாக்டர் எடுத்து அச்சு அனுப்புவார். எனக்கு ஆளுங்க வர மாட்டாங்க. வாய் மட்டும்தான் வரும்."

மேடம் ஜன்னலுக்குப் போனார். மரத்துக்கும் தொட்டிக்கும் நடுவே, கீழே, கோல் கம்பம் கைக்கு எட்டுகிற மாதிரி தெரிந்தது. ஜன்னல் ஓரமாக ஒரு ஸ்டூல். அதன் உட்காரும் பலகை வழுவழுவென்று தேய்ந்திருந்தது. வேலை மேஜைக்கு முன்னால் இருந்த நாற்காலி கூட அந்த அளவு தேயவில்லை. மேடத்துக்கு ஏனோ மாடி வீட்டு ரேடியோ நினைவுக்கு வந்தது.

"அந்த ரெண்டு வாரம் உங்க கணக்கு ஏம்மா தப்பாப் போச்சு?" ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

அவள் கைகளைக் கோட்டுப் பைக்குள் நுழைத்துக்கொண்டாள்.

"சந்திரன் எட்டுல மறைஞ்சிருந்தார்," என்றாள் அவள். "நான் அதை கவனிக்கலை."

"மறைஞ்சது சந்திரன் இல்லம்மா. ஆளு. அந்த ரெண்டு வாரமும் அவர் வேற மைதானத்துல இருந்தார்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீங்க கட்டத்தைப் பார்த்துச் சொல்லலை," என்றார் மேடம். "அவரைப் பார்த்துச் சொன்னீங்க. இடது தோள் வலின்னு சனிக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தோள் வலிச்சா பந்தைக் கீழ்க்கையால உருட்டி விடுவாரு," என்றாள் அவள் சட்டென்று. "முட்டி வலின்னா குனியும்போது ஒரு கால்லதான் பாரம் போடுவாரு. மனசு சரியில்லன்னா கையுறையைத் திரும்பத் திரும்பக் கழட்டி மாட்டுவாரு. நல்லா இருக்கற வாரம் எல்லாருக்கும் முன்னாடி வந்து கம்பத்தை ஒரு தட்டு தட்டுவாரு. அந்த வாரம் யாராலயும் அவரைத் தாண்டி..." அவள் நிறுத்திக்கொண்டாள். தான் சொன்னதையே இப்போதுதான் கேட்கிறவள் போல மேடத்தைப் பார்த்தாள். "அப்ப நான் இத்தனை வருஷம் ராத்திரியும் பகலுமா உட்கார்ந்து கத்துக்கிட்டது?"

"கத்துக்கிட்டது உங்க கண்ணு. பேரைக் கட்டம் தட்டிட்டுப் போயிடுச்சு."

அவள் அழவில்லை. எழுந்து போய் விளக்கை அணைத்தாள். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள்.

பதிமூன்று வருஷத்துக்கு முன்பு கோல்கீப்பரின் ஜாதகம் அவள் வீட்டுக்கு வந்தது. அவனுடைய அம்மாவே கொண்டுவந்து கொடுத்தாள். அவன் ஒரு தடவை வந்து பெண் பார்த்துவிட்டுப் போனான். அவளோடு பேசியது ஒரே ஒரு வார்த்தை, "வெயில்." அவளுக்கு அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. அடுத்த வாரமே அவனுடைய தாய்மாமா வந்து, பொருத்தம் இல்லை, ஜாதகத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். தொலைந்துவிட்டது என்று அவள் பொய் சொன்னாள்.

"எதுல பொருத்தம் இல்லன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. எங்க அப்பா விட்டுத் தள்ளுன்னாரு. நான் புஸ்தகம் வாங்கிப் படிச்சேன். படிக்கப் படிக்க, எல்லாப் பொருத்தமும் இருக்கு மேடம். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இருக்கு. அப்ப ஜாதகம் ஒரு சாக்கு, என்னைத்தான் பிடிக்கலைன்னு ஆச்சு." அவள் தோளைக் குலுக்கினாள். "அப்பா இருந்த வரைக்கும் வேற வரன் பார்த்தாங்க. அப்புறம் பார்க்க ஆளில்ல."

"பேப்பருக்கு எதுக்கும்மா அனுப்பினீங்க?" என்று ஸ்பீக்கர் கேட்டான்.

"ஒரு நாள் நான் நினைச்சபடியே ஆட்டம் முடிஞ்சுது. யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு." அவள் அலமாரியைப் பார்த்தாள். "இங்க வாய்தான் நிறைய இருக்கு. காது இல்லையே."

ஸ்பீக்கர் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்திப் போட்டான்.

"இன்னிக்கு சாயங்காலம் அவருக்கு விசாரணை," என்றார் மேடம். "காசு வாங்கிட்டு கோல் விடறாருன்னு கேஸ். உங்க பெட்டிச் செய்திதான் சாட்சி."

அவளுக்கு நிஜமாகவே தெரியாது. முகத்திலிருந்த ரத்தம் வடிந்து, சுண்ணாம்புத் தூளுக்கும் தோலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது.

"அவரா? அவரா காசு..." கோட்டைக் கழற்றினாள். கை கழுவாமலே கதவருகே போனாள். "வாங்க. நான்தான்னு சொல்லிடறேன்."

"ஒரு நிமிஷம். ஜாதகம் ஏதுன்னு கேப்பாங்க. அதுல இருக்கறது அவரோட நிஜ வயசு. கிளப்புக்கு அது தெரியாது. அது தெரிஞ்சா சூதாட்டக் கேஸ்லேர்ந்து தப்பிச்சு வயசு கேஸ்ல மாட்டுவார்."

அவள் உள்ளே போய், ஒரு இழுப்பறையைத் திறந்து எதையோ கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏது ஜாதகம்னு கேட்டா, சொல்ல மாட்டேன்."

---

கமிட்டி அறையில் நீள மேஜை. நடுவில் கிளப் தலைவர், பக்கத்தில் மேடத்தை வேலைக்கு அமர்த்திய செயலாளர். எதிரே தனியாகப் போட்ட நாற்காலியில் கோல்கீப்பர். உட்கார்ந்திருக்கும்போதே உயரம் தெரிந்தது. கைகள் இரண்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் முட்டி மேல் கிடந்தன.

மேடத்துக்குப் பின்னால் அவள் நுழைந்ததும் அவன் எழுந்துவிட்டான். எழுந்தது ஏன் என்று அவனுக்கே தெரியாதது போல மறுபடி உட்கார்ந்தான். மேடம் அதைக் கவனித்துக்கொண்டார்.

அவள் சுருக்கமாகச் சொன்னாள். பல் செய்கிற வேலை. ஜன்னல். தினமும் பயிற்சியைப் பார்த்தது. பார்த்ததை வைத்து எழுதியது. அவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

தலைவர் பேனாவை மூடினார். "நல்லா இருக்கும்மா கதை. கட்டம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"கற்பனைதான். சும்மா போட்டேன்."

"சும்மா போட்டீங்களா? இவர் ஒருத்தரைப் பத்தி மட்டும் எதுக்குப் போட்டீங்க? பதினோரு பேர் ஆடறாங்களே?"

அவள் கைப்பையை இடுக்கிக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் கூட்டு. இவர் சொல்லி அனுப்பறார், நீங்க எழுதறீங்க. அப்படித்தானே?" தலைவர் செயலாளரைப் பார்த்தார். "இப்ப ரெண்டு பேர் மேலயும் போலீஸுக்குப் போக வேண்டியதுதான்."

மேடம் வாயைத் திறப்பதற்குள் ஓர் ஆழமான குரல் கேட்டது.

"அது என் ஜாதகம்."

கோல்கீப்பர் மேஜையைப் பார்த்துப் பேசினான். "கற்பனை இல்ல. நிஜம். அவங்க வீட்டுக்கு எங்கம்மா குடுத்தது."

"நீங்க பேசாதீங்க," என்றாள் அவள்.

"பேசாம இருந்ததுதான் தப்பாப் போச்சு." அவன் தலைவர் பக்கம் திரும்பினான். "முதல் வாரமே எனக்குத் தெரியும் சார், இது யாருன்னு. என் நிஜ ஜாதகம் வேற யார்கிட்டயும் கிடையாது. உங்க தாள்ல இருக்கற தேதி பொய். எங்க மாமா மாத்தினது. எனக்கு ரெண்டு வயசு கூட."

செயலாளர் தாளை இழுத்துப் பார்த்தார்.

"தெரிஞ்சே சொல்லலையா?" தலைவர் நம்பமுடியாமல் கேட்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த விசாரணையே வந்திருக்காதே?"

"சொன்னா போலீஸ் அவங்க வீட்டுக்குப் போகும். வயசு விஷயத்துல பயமும் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன்." அவன் தலைவரை நிமிர்ந்து பார்த்தான். "இன்னொண்ணும் இருக்கு. க்வாட்டர்ஸ்ல தனியாத்தான் இருக்கேன். அம்மா போனதுக்கு அப்புறம், தோள் வலிக்குதா, சாப்பிட்டியான்னு கேக்க ஆளில்ல. வாரா வாரம் பேப்பரைப் பிரிச்சா, எனக்கு எங்க வலிக்குதுன்னு ஒருத்தர் எழுதியிருப்பாங்க. அது நின்னு போயிடும்னுதான் சொல்லலை."

ஸ்பீக்கர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான்.

அவள் அவனை நேராகப் பார்த்தாள். பதிமூன்று வருஷம் மூன்று மாடி உயரத்திலிருந்து பார்த்த முகம்.

"பொருத்தத்துல என்ன குறைன்னு உங்க மாமா கண்டுபிடிச்சாரு?"

கோல்கீப்பர் தலையை ஆட்டினான். "பார்க்கவே இல்ல."

"என்ன?"

"பொருத்தமே பார்க்கலை. நிஜத் தேதியோட ஒரு ஜாதகம் வெளிய போயிருக்குன்னு தெரிஞ்சதும் மாமா பதறிட்டாரு. அப்பதான் எனக்குப் பெரிய டீம்ல இடம் கிடைச்சிருந்துது. அந்தத் தாளைத் திருப்பி வாங்க ஒரு காரணம் வேணும். பொருத்தம் இல்லன்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க இல்ல? எனக்குத் தெரிஞ்சப்ப எல்லாம் முடிஞ்சு போயிருந்துது. நானும் வாயைத் திறக்கலை."

அவள் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். மேடம் கை நீட்டினார், ஆனால் தொடவில்லை. எதனால் மறுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு சாஸ்திரத்தையே கற்றுக்கொண்டவளுக்கு, பதில் அந்த சாஸ்திரத்தில் எந்த வீட்டிலும் இல்லை.

தலைவர் கெட்டவர் அல்ல. ஆனால் தலைவர். சூதாட்டக் குற்றச்சாட்டு தள்ளுபடி என்று எழுதச் சொன்னார். வயதை மறைத்ததற்கு, இந்த நிமிஷத்திலிருந்து ஒப்பந்தம் ரத்து என்றும் எழுதச் சொன்னார். கோல்கீப்பர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டான்.

---

வெளி வராந்தாவில் வெயில் சாய்ந்திருந்தது. அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவன் கதவைத் தாண்டி வெளியே வந்ததும் நின்று, திரும்பி வந்து, கைப்பையிலிருந்து எடுத்ததை நீட்டினாள். மடிப்பு மடிப்பாய்த் தேய்ந்த ஒரு மஞ்சள் தாள்.

"தொலையலை. அன்னிக்குப் பொய் சொன்னேன். உங்க பொருள், வச்சுக்கங்க."

"ஆட்டத்தைப் பத்தி நீங்க எழுதினதெல்லாம்..." என்று ஆரம்பித்தான்.

"ஜோசியத்துல, ஆட்டம்னா ஏழாம் வீடு எதிராளி," என்றாள் அவள். "கல்யாணம்னா அதே ஏழாம் வீடுதான் துணை. எனக்கு எப்பவும் அந்த வீட்டுலதான் குழப்பம். இனிமே நான் எழுத மாட்டேன். உங்க வேலை போனதுக்கு நான்தான் காரணம். மன்னிச்சிடுங்க."

அவள் மேடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினாள். செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாகக் கீழே போனது.

கோல்கீப்பர் தாளைப் பிரித்தான். மேலும் கீழும் பார்த்தான். அந்தப் பெரிய கைகளில் அது துணுக்காகத் தெரிந்தது. கட்டங்களை ஒட்டி, ஓரங்களில் எல்லாம் நுணுக்கிய எழுத்தில் பென்சில் குறிப்புகள்.

"மேடம், இது உங்களுக்குப் படிக்க வருமா?"

"குரு எங்கன்னு தெரியும். அதுக்கு மேல வராது."

"நீங்க?"

"எனக்கு நியூஸ் பேப்பர்லயே தலைப்பு மட்டும்தான்," என்றான் ஸ்பீக்கர்.

கோல்கீப்பர் தாளை மடிக்கவும் தெரியாமல், பிடிக்கவும் தெரியாமல் நின்றான். "என்னைப் பத்தித்தான் இதுல எழுதியிருக்கு. ஒரு எழுத்து புரியலை. இதைப் படிச்சுச் சொல்ல..."

முடிக்கவில்லை. படியில் ஓடினான். நல்ல முட்டி இல்லை அவனுக்கு, ஒரு காலில் பாரம் போட்டுத்தான் இறங்கினான். "ஒரு நிமிஷம்!" என்ற குரல் கட்டடம் முழுக்க எதிரொலித்தது. "ஒரு நிமிஷம் நில்லுங்க!"

ஸ்பீக்கர் வராந்தாக் கம்பியில் வயிற்றை வைத்துக் கீழே தொங்கினான்.

"நின்னுட்டாங்க மேடம். தாளை வாங்கிட்டாங்க. ஏதோ காட்டறாங்க. அவர் குனியறார். இவங்க கடைசிப் படியில உட்கார்ந்துட்டாங்க. அவரும் உட்கார்றார். பாருங்க மேடம், வந்து பாருங்க."

மேடம் பார்க்கவில்லை. கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். பழுதான ஜிப், பாதியில் சிக்கி நின்றது. அதோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார்.

"அந்தப் பக்கம் இன்னொரு படி இருக்கில்ல?"

"இருக்கு. ஆனா அது பின்பக்கமாப் போய் மைதானத்தைச் சுத்திக்கிட்டு வரும் மேடம். நேரம் ஆகும்."

"ஆகட்டும்யா," என்றார் மேடம், நடக்க ஆரம்பித்தபடி. "வீட்டுல எனக்கு என்ன அவசரம்?"